படப்பெட்டி கபீரின் கண்ணாடி

என் வாட்ச் ரிப்பேர்க் கடைக்கு வந்த கண்ணாடி எதுவும் கீறலோடு திரும்பிப் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் தென்காசியில் வாட்ச் கட்டியிருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவனிடம் வந்து, "அண்ணாச்சி, உங்க கை சரியில்ல" என்று கடை வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்ன ஒரே ஆள் அகமது கபீர்தான். ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு சீசன் முழுக்கச் சொன்னான்.

ஊரில் அவனைப் படப்பெட்டி கபீர் என்பார்கள். அறுபதுகளில் எங்கள் பக்கத்துக்கு ஒரு படத்துக்கு ஒரு பிரதிதான் வரும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு தியேட்டர் முதலாளி சுந்தரபாண்டி தென்காசியிலும் படம் ஓட்டுவார், குற்றாலத்தில் சீசனுக்குப் போட்ட டென்ட் கொட்டகையிலும் ஓட்டுவார். இங்கே ஆட்டம் முன்னால் ஆரம்பிக்கும். ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, மேலகரம் வழியாகக் கபீர் பறப்பான். அங்கே இறக்கிவிட்டு அடுத்த பெட்டிக்குத் திரும்பி வருவான். பெட்டி பிந்தினால் குற்றாலத்தில் திரை வெறுமனே நிற்கும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கிற சனம் சும்மா இருக்குமா? பெஞ்சைத் தூக்கிப் போட்டு உடைக்கும். கதாநாயகி பிழைத்தாளா செத்தாளா என்பது தன் கையில் இருப்பதாகக் கபீருக்கு ஒரு மிதப்பு உண்டு. இருக்கட்டுமே, அது நிஜம்தானே.

சாயங்காலம் அந்த ரோட்டில் வயல் பூச்சியும் சாரலும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். வெறுங்கண்ணோடு வண்டி ஓட்ட முடியாது. அதற்காக, பட்டாளத்திலிருந்து வந்த பண்பொழிக்காரர் ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருந்தான். தோல் விளிம்பு, தலையைச் சுற்றி ரப்பர் பட்டை, இரண்டு பிளாஸ்டிக் வில்லை. டீக்கடைக்கு வந்தாலும் கழுத்தில் அது தொங்கும். "தொழுகைக்குப் போகும்போதாவது கழட்டுவியாடே?" என்று கேட்டால் சிரிப்பான்.

சீசன் தொடங்குகிற சமயத்தில் முதன்முதலாக அதைக் கொண்டு வந்தான். வில்லையில் சிலந்தி வலை மாதிரி நுணுக்கமான கீறல். எதைப் போட்டுத் தேய்த்தாய் என்று கேட்டேன். உமிக்கரி என்றான். பல்லுக்கு உமிக்கரி, பித்தளைச் செம்புக்கு உமிக்கரி, இரண்டும் பளபளவென்று ஆகின்றன, இதுவும் ஆகும் என்று நினைத்தானாம். அட கிறுக்குப் பயலே! உமிக்கரியைப் பல் தாங்கும், பித்தளை தாங்கும், பிளாஸ்டிக் தாங்குமா? தலையில் அடித்துக்கொண்டு வாங்கி வைத்தேன்.

இந்த வேலையில் பாதி கழுவுவதுதான். தூசியோடு துடைத்தால் துடைக்கிற துணியே கீறிவிடும். வளையத்தைத் திருகி வில்லைகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, பித்தளை துடைக்கிற பாலிஷை மல் துணியில் ஒரு சொட்டு விட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். அழுத்தக் கூடாது. வில்லை சூடானால் நிறுத்திவிட வேண்டும். கடைசியில் சலித்த பல்பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒரு கை. முடித்து வெளிச்சத்தில் பிடித்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

கபீர் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, மேல்பாதி இல்லாமல் நின்ற பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தான். அதன் வெடிப்பில் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. அந்த இலைகள் தெரிந்தால் கண்ணாடி சரி என்பது அவன் வைத்த கணக்கு. பார்த்துவிட்டு, கொஞ்சம் கோடு பாக்கி இருக்கிறது, ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனான்.

மறுவாரம் வந்தான். கோடு போகவில்லையாம், பழைய பிரிண்ட் படத்தில் மழை பெய்கிற மாதிரி எல்லாம் கோடு கோடாகத் தெரிகிறதாம். வாங்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் தேய்த்துக் கொடுத்தேன். அதற்கடுத்தும் வந்தான், அதற்கடுத்தும் வந்தான். அப்போதுதான் என் கையைக் குறை சொன்னது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒழுங்கா ஓட்டத் தெரியாம கண்ணாடியச் சொல்லுதியாக்கும்" என்றேன். கோபித்துக்கொண்டு செங்கோட்டையில் வேறொரு கடைக்குப் போனான். அந்த ஆளுக்குக் கையே கிடையாது என்று திட்டிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தான்.

அந்த வாரம் மேலகரத்தில் மாட்டு வண்டி ஒன்றில் போய் மோதினான். அவனுக்குச் சிராய்ப்புதான். ஆனால் பெட்டி வாய்க்காலில் விழுந்து, ரீலைத் துடைத்து ஓட்டுவதற்குள் கொட்டகையில் பாதிப் பெஞ்சு போய்விட்டது. இன்னொரு தரம் பெட்டி பிந்தினால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சுந்தரபாண்டி சொல்லிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

இரண்டு நாள் கழித்துக் கபீரின் மனைவி ஆசியா கடைக்கு வந்தாள். கையில் வாட்ச் இல்லை, கடிகாரம் இல்லை. மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். அவன் ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றுகிறானாம். வாசல்படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்குகிறானாம். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் விடலாம் என்று போனால், எனக்கென்ன கேடு, கோடு கண்ணாடியில்தான் இருக்கிறது என்று எரிந்து விழுகிறானாம்.

இவ்வளவு நாளும் அந்த வில்லையைத்தானே பார்த்தேன், அவன் கண்ணைப் பார்க்கவில்லையே.

"கண்ணாடியில கோடு இல்லேன்னு மட்டும் நீங்க சொல்லிராதீங்க அண்ணாச்சி. அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் அவுக நிக்காக."

வண்டியோடு விழுந்து செத்தால் யார் பொறுப்பு என்று அவளிடமே சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. வண்டியைப் பிடுங்கினால் அன்றைக்கே செத்துப்போவார் என்றாள். இந்த ஆடி முடியட்டும், சீசன் போனதும் எப்படியாவது திருநெல்வேலிக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள். கூட்டிக்கொண்டும் போனாள். இரண்டு கருவிழியிலும் தழும்பு விழுந்துவிட்டது, சொட்டு மருந்துக்கோ மூக்குக்கண்ணாடிக்கோ அடங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அது பிறகு. அன்றைக்கு நான் சரி என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு கபீர் வந்தால் பேசாமல் வாங்கித் தேய்த்தேன். சண்டை போடவில்லை. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்திருக்கும். "என்ன அண்ணாச்சி, இப்பல்லாம் வைய மாட்டேங்கீங்க?" என்று ஒரு தடவை கேட்டான். வாயில் பாக்கு இருக்கிறது என்றேன்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள். சாரல் வெறித்து, வெயில் சாய்ந்து அடித்த நேரம். மோட்டார் சைக்கிளைக் கடை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தான். வழக்கம்போல வளையத்தைத் திருகி, இரண்டு வில்லைகளையும் கழற்றி, அலசித் துணியில் வைத்தேன். வெறும் சட்டம் தட்டில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை வாங்கி வைக்கத் திரும்பினேன். தியேட்டரில் மணி அடித்தது. பெட்டி எடுக்கிற மணி. கபீர் தட்டைத் துழாவிச் சட்டத்தை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

நான் வில்லைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தேன். அவன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தத் தடவ பரவாயில்ல அண்ணாச்சி. ஆனா அந்தக் கோடு மட்டும் போகலையே."

சொல்லிக்கொண்டே துடைப்பதற்குக் கட்டைவிரலைக் கொண்டுபோனான். விரல் நேரே கண்ணில் குத்தியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். பிறகு ஒற்றை விரலை மெதுவாக வளையத்துக்குள் விட்டு, தன் இமையைத் தொட்டுப் பார்த்தான். அடுத்த கண்ணிலும் தொட்டான்.

தியேட்டரில் இரண்டாவது மணி அடித்தது. அவன் படியைக் காலால் தடவி ஏறி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மடியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் மேஜைமேல் வைத்தான். முதலாளியிடம் கொடுத்துவிடச் சொன்னான். கண்ணாடிச் சட்டத்தை மட்டும் கழற்றவில்லை.

"அப்ப இம்புட்டு நாளும் நீங்க நல்லாத்தான் தேச்சிருக்கீங்க, அண்ணாச்சி" என்றான்.

நான் இன்னொரு தரம் தேய்த்துப் பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது.