நான் வாபஸ் வாங்கிய வக்காலத்து

என் மனைவி பஞ்ச காலத்தில் காலரா கண்டு இறந்தாள். அப்போது ஆரணியில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கென்று இருந்த கல்லறை நிலம் நிரம்பிவிட்டிருந்தது. ஆற்றை ஒட்டித் தரிசாகக் கிடந்த தம் நிலத்தின் மூலையை ஒரு பெரியவர் காட்டி, "இங்க பொதைச்சிக்குங்க" என்றார். அவர் எங்கள் வேதத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவர் அதற்கு எதுவும் கேட்கவில்லை, நாங்களும் எழுதி வாங்கவில்லை. அவளோடு இன்னும் சிலரையும் அங்கே அடக்கம் செய்தோம். அந்த மற்றவர்களுடைய உறவினர்கள் பஞ்சத்துக்குப் பிறகு கப்பலேறியும், மைசூர்ப் பக்கம் போயும் கலைந்துவிட்டார்கள். அந்த மூலைக்கு வந்து போகிறவன் நான் ஒருவன்தான் என்றாயிற்று.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த அன்றே படவேட்டுப் பக்கத்து என் சனம் என்னைத் தலைமுழுகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே அந்த மூலைக்குப் போவேன். ஜெபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் உயிரோடு இருந்தபோது தறிக்காரர்களுக்குப் பட்டு இழைத்துக் கொடுப்பாள். தெருவில் எல்லா வீடும் அவளுக்குத் தெரியும். யார் வீட்டில் கல்யாணம், யார் தறியை விற்றுவிட்டுப் போனார் என்று அவளிடம் சொல்லிவிட்டு வருவேன். வாரம் முழுவதும் பாடம் தவிர நான் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

பெரியவருக்கு வயதாகி, நிலத்தை ஒரு ஜவுளி வியாபாரியிடம் விற்றுவிட்டுத் தேசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். வியாபாரி கிணறு வெட்டினார், கரும்பு நட்டார், சுற்றிலும் முள்வேலி போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியருகே அவருடைய ஆள் என்னை நிறுத்தினான்.

"பயிர் மிதிபடுதாம் வாத்தியாரே. இனிமே வராதீங்கன்னு சொல்லச் சொன்னாரு."

நான் வியாபாரியின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் வேலியைத் திறக்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே கல்லறைக்குப் போய்வர வழி கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். ஊரில் பேர் பெற்ற வக்கீல் ஒருவருக்கு வக்காலத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இனி எனக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்று அன்று ஒரு தெம்போடு வீடு திரும்பினேன்.

அவர் கெட்டிக்காரர். ஆனால் என்னிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. "தேசூர்ல பெரியவர் இன்னும் இருக்காருங்க. அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டா எல்லாத்தையும் சொல்லுவாரு" என்று போகும்போதெல்லாம் சொன்னேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். நான் வாசலில் நிற்பேன். அவர் வெளியே வந்து, "கேஸ் நல்லா போய்கினு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வண்டி ஏறிவிடுவார். உள்ளே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் சபை மூப்பர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்லபடியா முடியுது வாத்தியாரே! சபைக்கே பெரிய உபகாரம் பண்ணிட்டீங்க."

"இன்னா முடியுதுங்க?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? கோயிலுக்குப் பக்கத்துல கல்லறைக்கு நிலம் தர்றேன்னு வியாபாரி ஒத்துக்கினாரு. அந்தப் பழைய எலும்பையெல்லாம் எடுத்து இங்க கொண்டாந்துடலாம். ரெண்டு கட்சியும் சமாதானமாயிட்டதா வர்ற வாய்தாவுல ராஜி மனு குடுக்கப் போறாங்க. வக்கீலோட நாங்க பேசி முடிச்சிட்டமே."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சபைக்கு நிலம் இல்லாத கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் வழக்குப் போட்டவன் நான். அவசரத்தில், பெட்டிகூட இல்லாமல், பாயில் சுற்றிப் புதைத்த உடம்பு அவளுடையது. எந்த எலும்பு யாருடையது என்று யார் சொல்லுவார்கள்?

அன்றே வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"ராஜி மனு கொடுக்கப் போறதா கேள்விப்பட்டேனுங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலியே."

"இதுல கேக்கிறதுக்கு இன்னா இருக்குது? நீங்க கேட்டது நடக்கிற வழி. கெடைக்கிறது நெலம். ஊருக்கே நல்லது. ஏன் பேஜார் பண்றீங்க?"

"எனக்கு நெலம் வேணாங்க. அவளைத் தோண்டறதுக்கு நான் சம்மதிக்கல."

"சபையார் சம்மதிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

சபைதான் அவருக்குக் கட்சிக்காரர் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வியாபாரியிடம் அவர் காசுக்குக் கைநீட்டினார் என்று சொல்லமாட்டேன். நல்ல காரியம் செய்வதாகவே நினைத்திருப்பார். ஆனால் அந்த நல்லதில் நான் இல்லை.

ஆரணியில் வேறு இரண்டு வக்கீல்களைப் பார்த்தேன். இன்னொருவர் கையில் இருக்கும் கேஸைத் தொடமாட்டோம் என்றார்கள். பள்ளிக்கு விடுப்புச் சொல்லி, கண்ணமங்கலம் வழியாக மாட்டுவண்டியில் வேலூர் போய், அங்கே ஒரு வயதான வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் கேஸை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு கேள்வி போட்டார்.

"இந்த ராஜி எனக்குச் சம்மதமில்லைன்னு அவருக்கு எழுத்துல குடுத்தீங்களா?"

"வாயால சொன்னேனுங்க."

"வாயால சொன்னது காத்தோட போயிடும். மொதல்ல எழுதிக் குடுங்க. கோபமா ஒரு வார்த்தையும் வேணாம். உங்களுக்கு இன்னா வேணும், இன்னா வேணாம், எந்தச் சாட்சியைக் கூப்பிடணும், அவ்வளவுதான். பதில் வரலைன்னா வக்காலத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்னு கோர்ட்டுல மனுப் போடுங்க. முன்சீப் உத்தரவு போடணும், போடுவாரு. ராஜி மனு உள்ளே போறதுக்கு முந்தி ஜல்தியா செய்யுங்க. அது பதிவாயிட்டா அப்புறம் கழட்டறது கஷ்டம்."

"அப்புறம் எனக்காக யார் பேசறதுங்க?"

"நீங்கதான். சட்டத்துல அதுக்குத் தடை இல்ல."

நான் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மனுவையும் எழுதினேன். வாய்தாவுக்கு முந்தின நாட்களில், பிள்ளைகள் போனபிறகு காலியான வகுப்பறையில் நின்று, முன்சீப்பிடம் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். என் குரலே எனக்கு யாருடையதோ போலக் கேட்டது.

கோர்ட்டில் என் மனு படிக்கப்பட்டபோது சபையார் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் எழுந்து, "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, காகிதக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் போனபின் அந்த மேஜையருகே நான் தனியாக நின்றேன்.

"உமக்கு என்னதான் வேண்டும்?" என்று முன்சீப் கேட்டார்.

பழகி வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "நடந்து போயிட்டு வர்றதுக்கு வழி வேணுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"சாட்சி உண்டா?"

"தேசூர்ல ஒருத்தர் இருக்காருங்க. இதுவரைக்கும் யாரும் அவரைக் கூப்பிடல."

அவர் சம்மன் அனுப்ப உத்தரவிட்டார். ராஜி மனு அத்தோடு நின்றது. வெளியே வந்தபோது மூப்பர் என்னைப் பார்க்காமல் பேசினார்: "ஒரு பொம்பளை எலும்புக்காக இத்தனை பேருக்கு வர்ற நெலத்தைக் கெடுத்துட்டீங்க." அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன்.

அடுத்த வாய்தாவுக்குப் பெரியவரை அவருடைய பேரன் வண்டியில் அழைத்து வந்தான். கண் சரியாகத் தெரியவில்லை, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. இடம் கொடுத்தது உண்மை, விற்கிறபோது வியாபாரியிடம் சொன்னதும் உண்மை என்றார். வழியும் கொடுத்தீரா என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார்.

"பொணத்துக்கு எடம் குடுத்தவன், பாக்க வர்ற மனுசனுக்கு வழி குடுக்கமாட்டானாங்க? அதைத் தனியா வேற சொல்லணுமா?"

வியாபாரி கூண்டில் ஏறியபோது, கல்லறை இருப்பதைப் பெரியவர் தம்மிடம் சொன்னது வாஸ்தவம் என்று ஒப்புக்கொண்டார். பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

கிழக்கு வரப்போடு நான் நடந்து போய்வரலாம், பயிருக்குச் சேதம் கூடாது, கல்லறைகளைத் தோண்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பைக் கேட்க என்னோடு யாரும் வரவில்லை. தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் வழியாக வீட்டுக்கு நடந்தேன். தறிக்குப் பாவு நூல் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், "ஜெயிச்சிட்டீங்களாமே!" என்றார். "ஆமாங்க" என்றேன். அவர் பாவுக்குத் திரும்பினார், நான் நடந்தேன். அன்று சோறு ஆக்கவில்லை.

வியாபாரி சபைக்குத் தருவதாகச் சொன்ன நிலத்தைத் தரவில்லை. சில வருஷங்கள் கழித்து வேறொருவரிடம் சபை நிலம் வாங்கியது. அதுவரை கோயிலில் நான் உட்காருகிற பாயில் என்னோடு அதிகம் பேர் உட்காரமாட்டார்கள். யாரும் என்னைத் திட்டியதில்லை. நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வக்கீலைக் கடைவீதியில் பார்த்தால் கும்பிடுவேன், அவரும் கும்பிடுவார்.

என்னையும் அவள் பக்கத்திலேயே புதைக்கவேண்டும் என்று போதகரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தீர்ப்பில் வழி மட்டும்தான் இருக்கிறது, அடக்கத்துக்கு இடமில்லையே என்று அவர் தயங்குகிறார். அதுவும் சரிதான். வியாபாரியின் மகன் இப்போது நிலத்தைப் பார்க்கிறான். அவனிடம் ஒருநாள் போய்க் கேட்கவேண்டும். இந்த முறை யாரையும் எனக்காகப் பேச அனுப்பப் போவதில்லை.