பழிக்குச் சேர்த்த முப்பத்தொரு பேர்

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். பன்னிரண்டு வருடமாக ஒரே தடம், ரயில் நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை. கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர்கூடத் தள்ளாடாதபடி பதமாக வண்டியை நிறுத்துவாள். அதனால் பயணிகளுக்கு அவள் ‘பிரேக்கக்கா’. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். ஊருக்கு வெளியே புல்வெளியில் இருந்த கிளைடர் கிளப்பில், எஞ்சின் இல்லாத விமானத்தில் தனியாகப் பறப்பாள்.

ஒரு ஞாயிறு வின்ச்சில் உட்கார்ந்திருந்தவர் கிளப் தலைவர், பல் டாக்டர். ஓடுதளத்தின் மறுகோடியில் இருந்து கயிற்றைச் சுருட்டி விமானத்தை மேலேற்றும் இயந்திரம்தான் வின்ச். அவள் அறுபது மீட்டர்கூட ஏறியிருக்கமாட்டாள், தலைவரின் செல்போன் அடித்தது. ஒரு கை வின்ச் விசையை விட்டுப் போனுக்குப் போனது. வேகம் செத்துக் கயிறு தொய்ந்தது. அவள் சட்டென்று விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளி, கயிற்றைக் கழற்றிவிட்டு, எதிரே கிடந்த புல்லில் இறக்கினாள். சக்கரம் உடைந்தது. முதுகில் பட்ட அடி அவளை மூன்று வாரம் படுக்கையில் போட்டது.

‘ஓட்டியவர் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கியதால் விபத்து’ என்று தலைவர் பதிவேட்டில் எழுதினார். வின்ச்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த மெக்கானிக், தன் பூட்ஸைப் பார்த்தபடி வாயைத் திறக்கவில்லை.

“பஸ் ஓட்டுற கைம்மா இது, மேல ஒத்து வராது,” என்றார் தலைவர், அத்தனை பேர் முன்னாலும். “இனிமே பறக்க வேணாம். கயிறு இழுக்க வா, அத வேணாம்னு சொல்லல.”

வீட்டில் கணவர், “அந்தச் சனியன விட்டுத் தொலையேன்,” என்றார்.

“விடறதா? அந்தாளு அந்த நாற்காலியவிட்டு எறங்குறதப் பாக்காம என் கட்டை வேகாது.”

இரண்டு வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் போய், ஒவ்வொரு விமானமும் கழற்றிவிட்ட கயிற்றை ஓடுதளத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப இழுத்து வந்தாள். தலைவரைக் கண்டால் வணக்கம் வைத்தாள்.

இதற்குள் கிளப் தேய்ந்து பதினாலு பேரில் வந்து நின்றது. முப்பது பேராவது இல்லாவிட்டால் மைதானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக நிலத்துக்காரர் கடிதம் போட்டுவிட்டார். தலைவருக்கு வியர்த்தது.

“யாரையாச்சும் கூட்டிட்டு வாங்கப்பா. மூணு மாசம் ஒழுங்கா வந்தா ஓட்டுரிமையே தர்றேன்.”

ஓட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

மறுநாள் பேருந்தில் அவள் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய புகைப்படம் தொங்கியது. எண்ணூறு மீட்டர் உயரத்திலிருந்து முன்பு அவளே எடுத்தது. கீழே ஒரே வரி: ‘இதில் உங்கள் வீடு எங்கே?’ பயணிகள் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, மொட்டை மாடியில் காயும் தன் பச்சைப் போர்வையைக் கண்டுபிடித்துக் கத்தியேவிட்டாள்.

“ஞாயித்துக்கிழம வாங்க, நேர்லயே காட்டுறேன்,” என்றாள் பிரேக்கக்கா.

வந்தவர்களை வேடிக்கை பார்க்க விடவில்லை. சும்மா நிற்பவர் மறுவாரம் வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஒருவர் இறக்கை நுனியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் கொடி அசைக்க வேண்டும், மற்றவர்கள் விமானத்தைத் தள்ள வேண்டும். சலவைக்கடை அக்கா தங்கச்சி இருவரும் வந்தார்கள். ஏணி ஏறவே நடுங்கும் ரொட்டிக்கடைக்காரர், கிளப் பயிற்சியாளரோடு மேலே போய் இறங்கியதும் வானத்தையே அண்ணாந்து பார்த்தார். பிறகு, “மேல காத்துச் சத்தம் மட்டுந்தாங்க்கா கேக்குது,” என்றார். மறுவாரம் மச்சானையும் கூட்டி வந்தார். இப்படியாக முப்பத்தொரு பேர்.

தலைவருக்கு வாயெல்லாம் பல். “பரவால்லயே, நீயும் உபயோகமாத்தான் இருக்க.”

“எல்லாம் உங்க புண்ணியம் சார்.”

மூன்று மாதம் தாண்டி எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்தபின் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் அந்த நர்ஸ், தலைவர் பதவிக்கு நின்றாள். முப்பத்து மூன்று கை அவளுக்கு. பழைய தலைவருக்குப் பன்னிரண்டு. அவர் முகம் சுண்டிப்போனது. பிரேக்கக்கா எழுந்து பதிவேட்டை விரித்து, விபத்தை எழுதிய அந்தப் பக்கத்தை மெக்கானிக் முன்னால் வைத்தாள்.

“அன்னைக்கு நடந்தத இப்பவாவது சொல்லுங்க.”

அவன் சொன்னான். போன் அடித்ததிலிருந்து எல்லாவற்றையும்.

“ஓஹோ! பழிவாங்கத்தான் இத்தன ஆளச் சேத்தியா?” என்று பல் டாக்டர் கத்தினார்.

“ஆமா. வேற எதுக்குன்னு நெனச்சீங்க?”

ரொட்டிக்கடைக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்: “அப்ப எங்களக் கூப்பிட்டது வெறும் ஓட்டுக்கா அக்கா?”

அவள் பொய் சொல்லவில்லை. “மொதல்ல ஓட்டுக்குத்தான். நீங்க பறந்து எறங்குனப்போ உங்க மொகத்தப் பாத்த பெறகு, அதுக்கு மட்டும் இல்ல.”

நான்கு பேர் அன்றே விலகினார்கள். ரொட்டிக்கடைக்காரர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, ஆனால் வந்துகொண்டிருந்தார். பதிவேட்டில் நர்ஸ் பழைய வரியை அடித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பயிற்சியாளர் சோதித்துச் சரி என்ற பிறகு, பிரேக்கக்கா மறுபடி தனியாக மேலே போனாள்.

பல் டாக்டர் கூட்டத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அவர் வெயிலில் கயிறு இழுப்பதைப் பார்க்கத்தான் அவள் அத்தனை ஆசைப்பட்டிருந்தாள். அது கிடைக்காதது இன்றுவரை அவளுக்குக் குறைதான்.

ஒரு நாள் மெக்கானிக் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான். “என்னை மன்னிச்சிட்டீங்களா அக்கா?”

“இன்னும் இல்ல,” என்றாள் அவள். “அந்த எறக்கையப் பிடி, அடுத்த ஆள் காத்திருக்காரு.”