தலைவிக்கு அத்தா ஊற்றிய தேநீர்

சூடான தேநீரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ஓரமாகத் திருகி, கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டு, குழலைச் செருகி நீட்டுவார் என்னைப் பெற்ற அத்தா. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மேட்டின் மீதிருந்த எங்கள் ஆறாம் படிவக் கல்லூரியின் கேண்டீன் அவருடையது. பனி இறங்கும் காலைகளில் மாணவர்கள் அந்தப் பையை உடனே குடிக்க மாட்டார்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டே வகுப்புவரை போவார்கள். மலேசியாவின் கேமரன் மலைக் குளிருக்கு எங்களுக்குக் கிடைத்த கணப்பு அதுதான்.

குடித்து முடித்த பைகள் எங்கே போகின்றன என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கேண்டீன் குப்பையை அள்ளுகிறவன் நான்தானே! கல்லூரியின் பின்புறச் சரிவு நேராகத் தேயிலைத் தோட்டத்தில் போய் இறங்கும். ஒரு மழை பெய்தால் போதும், பைகள் கால்வாயோடு போய்த் தேயிலைச் செடிகளில் சிக்கிக் கிடக்கும். கொழுந்து வெட்ட வருகிறவர்கள் முதலில் எங்கள் குப்பையைப் பொறுக்கியாக வேண்டும். பையை நிறுத்திவிடுங்கள், கழுவிக் கழுவிக் குடிக்கிற மாதிரி அவரவர் மங்குக் கோப்பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் அத்தாவிடம் நச்சரித்தேன். “டேய், எனக்கு நீ அத்தாவா, ஒனக்கு நான் அத்தாவா? போயி வெங்காயத்த உரி” என்பார்.

மாணவர் மன்றத் தலைவர் பதவிக்கு நான் நின்றது அந்த வீம்பில்தான். வீட்டில் எடுபடாத பேச்சு மேடையிலாவது எடுபடட்டும், அதைக் கேட்டு அத்தா ஒருமுறையாவது “நீ சொல்றது சரிதான்டா” என்று சொல்லட்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தை. என்னை எதிர்த்து நின்றவள் கீழே இருந்த தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண். அவளுடைய அம்மா கொழுந்து வெட்டுகிறவர். இன்றுவரை என் மனத்தில் அவளுக்குப் பெயர் ‘தலைவி’தான், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. அவளும் மேடையேறி அதே சரிவையும் அதே பைகளையும்தான் பேசினாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கேண்டீன் என் அத்தாவுடையது, வெறும் பேச்சை வைத்துக்கொண்டு இவள் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

பிரசார வாரத்தில் ஒருநாள், இடைவேளைக் கூட்டம் கலைந்த பிறகு அவள் தனியாகக் கேண்டீனுக்கு வந்தாள். பின்னால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த எனக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அத்தா அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கடை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவள் கையில் ஆவி பறக்க இருந்தது அத்தாவின் சொந்த மங்குக் கோப்பை. எங்களில் ஒருவரையும் தொட விடாத கோப்பை! அவள் ஏதோ சொன்னாள், அத்தா தலையாட்டினார். அந்தத் தலை எனக்காக ஒருநாளும் ஆடியதில்லை.

அவள் போனதும், “நாளைலேருந்து பையில தே கட்டிக் குடுக்கிறது இல்ல. வேணுங்கிறவங்க மங்கு கொண்டாரட்டும்” என்றார்.

“இதையேதானே அத்தா நான் சொன்னேன்?”

“அந்தப் புள்ள வெவரமா பேசுதுலா.”

“தேர்தல் முடியட்டும், அப்புறம் செய்யுங்க. இல்லன்னா அவதான் செஞ்சான்னு எல்லாரும் அவளுக்கே ஓட்டுப் போடுவாங்க.”

“ஓட்டு வேற, கட வேற. தள்ளு, அடுப்பப் பாக்கணும்.”

நான் பயந்ததுதான் நடந்தது. கேண்டீன் சுவரில் ஆணி வரிசையாக ஏறியது, கோப்பைகள் தொங்கின, கல்லூரி முழுவதும் அவள் பேச்சாகவே இருந்தது. தலைவி ஜெயித்தாள். அன்றைக்கு அத்தா அவளைக் கூப்பிட்டு ரொட்டி போட்டுக் கொடுத்தார். தோற்ற மகனுக்கும் போட்டார், இல்லை என்று சொல்லவில்லை. அவளுடையதில் முட்டை இருந்தது.

வருடங்கள் போனால் பொறாமை ஆறிவிடும் என்பார்கள். யாருக்கு ஆறியதோ தெரியாது. நான் இப்போது ஈப்போவில் ஆசிரியர். என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் குப்பையைப் பாதியாகக் குறைத்தேன். அந்த நல்ல செய்தியைச் சொல்ல அத்தாவை அழைத்தால், “சாப்பிட்டியா?” என்று கேட்டார். தலைவி கோலாலம்பூரில் கல்லூரி கல்லூரியாகப் போய்க் குப்பையைக் குறைக்க வழி சொல்கிறாள். அவள் படம் கைப்பேசியில் வந்துவிட்டால், பிரிஞ்சாங் ஊரில் இப்போது நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அத்தா அதைக் காட்டுகிறார். சந்தைக்குக் கோசு ஏற்றிப் போகிற லோரிக்காரருக்குக்கூட அவளைத் தெரியும்.

போன தீபாவளிக்கு மலையேறி வந்தவள் கடைக்கும் வந்தாள். விடுமுறைக்கு வந்திருந்த நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். பழைய தேர்தல் பேச்சு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அன்னிக்கி கேண்டீன்ல மாமா என்னைப் பேசி முடிக்கவே விடல, தெரியுமா? ‘இதெல்லாம் என் மவன் எப்பவோ சொல்லிட்டாம்மா. அவன் சொல்றதுதான் சரி. ஆனா பெத்த புள்ள சொல்லி நான் கேட்டேன்னா, நாளைக்கு அவன் என்னைய மதிப்பானா? நீ கேட்டு நான் செஞ்சதா இருக்கட்டும்’னாரு.”

“இத ஏன் அப்பவே என்கிட்ட சொல்லல?”

“நீ என்னை எதிர்த்து நின்ன ஆளுலா! நான் எதுக்குச் சொல்லணும்?”

கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். எங்கே குளிர்ந்தது! இத்தனை வருடமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தையை அத்தா எப்போதோ வாய் திறந்து சொல்லியிருக்கிறார், அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறார். என் பங்குக்கு வந்த ஒன்றே ஒன்று, அதுவும் அவள் கை வழியாகத்தான் எனக்குக் கிடைக்க வேண்டுமா? துணியை மேசையில் போட்டுவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன்.

“அத்தா, நான் சொன்னதுதான் சரின்னு அவகிட்ட சொன்னீங்களாமே?”

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். இதோ, இப்போதாவது என் முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கண் என்னைத் தாண்டி வெளியே, அவள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனது. முகமெல்லாம் மலர்ந்தது.

“அந்தப் புள்ளயே சொல்லிச்சா? பாத்தியாடா, என்னா மனசு அதுக்கு! வேற யாரா இருந்தாலும் அந்தப் பெருமையத் தன் பேருலயே வெச்சிருப்பாங்க.”