எந்த பிளாக்?

நெய்வேலி சுரங்க டவுன்ஷிப்பில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "எந்த பிளாக்?" என்றுதான் கேட்பார்கள். எண்ணைச் சொன்னால் போதும், அந்தத் தெருவில் யார் வீட்டு மாமரம் புளிக்கும் என்பதுவரை கேட்டவரே சொல்லிவிடுவார். அடுத்த கேள்வி, "எந்த ஷிப்ட்?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் தனகோட்டியின் ஆசை வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டு முழித்தது.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர் தனகோட்டி. பெல்ட் ஓடும்போது பக்கத்து ஆள் கத்தினாலும் காதில் விழாது. அந்தச் சத்தத்தையே அவர் தொண்டைக்குள் கொண்டுவந்துவிடுவார். பெல்ட் கிளம்புமுன் ஊதுகிற சைரன், கம்பெனி பஸ் ரிவர்ஸ் எடுக்கையில் இருமுகிற இருமல், சூப்பர்வைசர் மூக்கால் இழுக்கும் "தனகோட்டீஇஇ", எல்லாம் அவர் வாயில் பர்மனென்ட் ஊழியர்கள். ஆசை ஒன்றே ஒன்றுதான். பிளாக் பொங்கல் விழாவில் ஒரு நாடகம். தானே எழுதி, ஆள் சேர்த்து, மைக் வைத்து.

அந்த 'ஆள் சேர்த்து' என்கிற இடத்தில்தான் வண்டி குடை சாயும். கூட்டாளி ஒருவர் காலை ஏ ஷிப்ட் என்றால் இன்னொருவர் மத்தியான பி, மற்றவர் ராத்திரி சி. சுரங்க வாசலில் இவர் ஏறுகிற பஸ்ஸிலிருந்துதான் அவர் இறங்குவார். ஒத்திகையெல்லாம் பஸ் படிக்கட்டோடு சரி. போன வருஷம் மேடையில் பெயர் வாசித்தபோது தனகோட்டி மட்டும் தனியாக நின்றார். கதாநாயகனும் அவரே, அவனை அறைகிற வில்லனும் அவரே. தன் கன்னத்தில் தானே விட்டுக்கொண்ட அறைக்கு ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அது சோகக் காட்சி.

இந்த வருஷம் பிளாக் சங்கச் செயலாளர் கொளஞ்சிநாதன் கறாராக இருந்தார். ஜெனரல் ஷிப்டில் ஃபைல் பார்த்துப் பார்த்து அவர் பேச்சே ஃபைலாகியிருந்தது. "மேற்படி நாடகம் முழுசா எழுத்துல ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சேரணும். தவறும் பட்சத்தில் அந்த அரை மணி நேரம் கோலாட்டத்துக்கு வழங்கப்படும். பாத்துக்குங்க."

வியாழக்கிழமை மத்தியானம் பஸ் படிக்கட்டில் வழி கிடைத்தது. பி ஷிப்டுக்கு இறங்கிய சுதாகர், ஏறப்போன தனகோட்டியின் கையைப் பிடித்து நிறுத்தினான். கூட்டாளிகளில் இளையவன், எது புதிதாக வந்தாலும் முதலில் தொட்டுப் பார்க்கிறவன். இன்டர்நெட்டில் பேஜ்மித்ரா என்று ஒன்று வந்திருக்கிறதாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதுகிற மாதிரியே எழுதலாமாம். ஆனால் தாள் ஒன்று, கை பல. யார் எங்கே இருந்தாலும் ஒரே பக்கத்தில் எழுதலாம், ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் நகரும், நண்பர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம்.

"அப்ப நீ காத்தால எழுதுவ, நான் சாங்காலம் எழுதுவேன். ஒரே நாடகம்?"

"அதான்ணே. ஷிப்டே பாக்காது அது."

வீட்டுக்கு வந்த தனகோட்டி சாப்பாட்டுத் தட்டோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மனைவி பிரபாவதி ரசத்தை ஊற்றிவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கணக்குத் திறந்தாயிற்று. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக மாறியது. பஸ் என்று அடித்தால் 'புஸ்' என்று வந்தது. பிரேக் போடுகிற சத்தம்போல இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். நாடகமே பஸ்ஸுக்குள் நடக்கிறதுதான்.

"ஷேர்னு இருக்கு பாரு, இத்த அமுக்குனா அல்லாரும் உள்ள வந்துருவாங்க."

"ஷேர் ஆட்டோ மாதிரியா? ஒருத்தர் மடியில ஒருத்தர் குந்திக்கினு?"

ஷேருக்கு முன்னால் திரையில் வரிசையாக முகங்கள் வந்தன. அவர் மெயிலில் இருந்த அத்தனை பேரும். ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் தனகோட்டி ரசச் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். 'பிளாக்' என்று இங்கிலீஷில் இருந்தது.

"பிரபா, இத்த செஞ்சவன் நம்ம ஊர்க்காரன்டி. எந்த பிளாக்குனு கேக்கறான் பாரு."

அமெரிக்காக்காரன் செய்ததாக அவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பக்தியோடு ஆரம்பித்தார். சுதாகர், பதினேழாவது பிளாக். அமுக்கினார். முகம் சாம்பல் நிறமானது. எண்ணைக் கேட்கவில்லை. அவனே கண்டுபிடித்துக்கொள்கிறான் போல என்று அடுத்த ஆளுக்குப் போனார். சி ஷிப்ட் ராமலிங்கம். அமுக்கினார். செயலாளர் கொளஞ்சிநாதனுக்கு மரியாதைக்காக இரண்டு முறை அமுக்கினார். டவுன்ஷிப்பில் ஒரு ஆள் பாக்கியில்லை. கடைசியில் பிரபாவதியின் தம்பி வளவனும் அவன் மனைவி திலகவதியும் நின்றார்கள். காடாம்புலியூரில் முந்திரிக் கம்பெனி வேலை இருவருக்கும்.

"உன் தம்பிக்கு இன்னா பண்றது?"

"காடாம்புலியூர்ல ஏதுங்க பிளாக்கு? சும்மா வுடுங்க."

விட்டார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷேரை அமுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தின் மூலையில் பச்சையாக ஒரு கோடு துடித்தது. மேலே வளவன் என்று பெயர். 'மாமா இன்னா இது' என்று எழுத்து எழுத்தாக அவர் கண் முன்னாலேயே முளைத்தது. தனகோட்டி திரையைத் தொட்டே பார்த்துவிட்டார். கம்பெனி நேரத்தில் அங்கே எட்டு மைலுக்கு அப்பால் ஒருத்தன் அடிக்கிறான், இங்கே ஈரம் காயாமல் வந்து விழுகிறது. அடுத்து ரோஸ் கலரில் திலகவதி. அவள் விசாரிக்கவே இல்லை, நேராக நாடகத்துக்குள் பலாப்பழத்தோடு ஏறிவிட்டாள். டவுன் பஸ் என்று நினைத்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்ட ஒரு அம்மா, டூட்டிக்குப் போகிறவர்களிடம் பண்ருட்டிக்கு டிக்கெட் கேட்கிறாள்.

தை மாசத்தில் ஏதும்மா பலாப்பழம் என்று தனகோட்டி அடித்தார். நாடகத்துக்கு எந்த மாசம்ணா என்று ரோஸ் கேட்டது. பிரபாவதி பின்னாலிருந்து சபாஷ் போட்டாள்.

நாடகத்தில் கூட்டாளிகள் ஐந்து பேரும் சேர்ந்து பேசுகிற காட்சியை எப்படி ஒத்திகை பார்ப்பது என்று அவர் புலம்பியதற்கும் திலகவதிதான் ரோஸில் வழி சொன்னாள். 'சேர்ந்து வராதவங்கள ஏன் சேத்து வைக்கறீங்க? பஸ்தானே, ஒருத்தர் எறங்கட்டும், ஒருத்தர் ஏறட்டும். நீங்க மட்டும் கண்டக்டரா கூடவே இருங்க.'

தனகோட்டி இரண்டு கையாலும் மேஜையைத் தட்டினார். ஒவ்வொருத்தனோடும் தனித்தனியாக ஒத்திகை பார்த்தால் போதும். ஷிப்ட் இனி என்ன செய்யும்?

ஆனால் டவுன்ஷிப் ஆள் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. மறுநாள் மத்தியானம் சுரங்க வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிய சுதாகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். தனகோட்டி தோளைத் தொட்டார்.

"இன்னாடா, நேத்து கூப்புட்டேனே, வரல?"

"வழி சொன்னவனே நான். என்னையே பிளாக் பண்ணிட்டீங்களேண்ணே."

"ஆமா, பண்ணேன். பதினேழுதானே நீ? வூடு மாத்திட்டியா?"

சுதாகர் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு நின்ற இடைவெளிகளில் விஷயத்தைச் சொன்னான். பிளாக் என்றால் 'நீ என் மூஞ்சியில முழிக்காதே' என்று அர்த்தம். அப்படியே ஒவ்வொருவருக்கும் மெயில் போயிருக்கிறது. ஏ ஷிப்டிலும் சி ஷிப்டிலும் தனகோட்டிக்கு என்ன திமிர் என்று பேச்சு. செயலாளருக்கு இரண்டு மெயில் போயிருக்கிறது.

"இன்னாண்ணே சொன்னாரு?"

இந்த முறை அண்ணே போட்டவர் தனகோட்டி. சுதாகர் கொளஞ்சிநாதன் குரலைக் கொண்டுவர முயன்றான், பாதிதான் வந்தது. "மேற்படி நபரே நம்மைத் தடை செய்துவிட்டபடியால்..." மீதியை டிரைவரின் ஹாரன் விழுங்கியது.

பஸ் பிளாக்குக்கு வந்து நிற்குமுன்னே தனகோட்டி குதித்து இறங்கி வீட்டுக்கு ஓடினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டார். முகங்கள் எல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு கோபமாகப் பார்ப்பதுபோல இருந்தன. கட்டத்தில் இப்போது வேறு வார்த்தை.

"அன்பிளாக்னு போட்டிருக்குடி. மறுபடி எதனா வம்புல மாட்டிவுட்டா?"

"அன்புன்னு ஆரம்பிக்குது இல்ல, நல்லதாத்தான் இருக்கும். அமுக்குங்க."

ஒவ்வொருவராக விடுதலை செய்தார். செயலாளருக்கு ஒரே ஒரு முறைதான் அமுக்கினார். மறுபடி ஷேரையும் அமுக்கினார். பிறகு பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில், எந்த பிளாக் என்று கேட்பதாக நினைத்துச் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதினார்.

சனிக்கிழமை டூட்டி முடிந்து வந்து பார்த்தால் பக்கம் பொங்கல் பானையாகப் பொங்கி வழிந்தது. காலையில் சுதாகர் நீலத்தில் எழுதியிருந்தான். தூங்கி எழுந்த ராமலிங்கம் அதற்குக் கீழே மஞ்சளில் எகிறியிருந்தார். பலாப்பழத்துக்காரம்மா ஏறுகிற இடத்தில் கண்டக்டர் "எந்த பிளாக்?" என்று கேட்க, அவள் "நான் யாரையும் ஒண்ணும் பண்லப்பா" என்கிறாள். எழுதியது யார் என்றே தெரியவில்லை, ஏழெட்டு நிறம் கலந்து கிடந்தது. தனகோட்டி ஒவ்வொரு வரியையும் அந்தந்த ஆளின் குரலிலேயே படித்துக் காட்ட, பிரபாவதி சிரித்துச் சிரித்து உலையை மறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சுதாகருக்கு வார லீவு. சாயங்காலம் எல்லா நிறமும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கறுப்பில் ஒரு கோடு வந்தது. கொளஞ்சிநாதன். பச்சை நின்றது, ரோஸ் நின்றது, நீலம் பாதி வார்த்தையில் நின்றது. கறுப்புக் கோடு மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. கடைசி வரிக்கு வந்து துடித்துக்கொண்டே இருந்தது. கோலாட்டக் குச்சிகளின் சத்தம்கூடத் தனகோட்டியின் காதில் கேட்டுவிட்டது.

கறுப்பு எழுத ஆரம்பித்தது.

'மேற்படி பேருந்தில் சங்கச் செயலாளர் பயணம் செய்யாதது கவனத்துக்கு வருகிறது. ஆவன செய்யவும்.'

அடுத்த கணம் எல்லா நிறமும் பாய்ந்து விழுந்து அவருக்கு ஜன்னலோரச் சீட் போட்டன.

பொங்கலன்று மைதானம் நிறைந்திருந்தது. சுதாகருக்கு அந்த வாரம் சி ஷிப்ட், நடித்துவிட்டு வேஷத்தோடே டூட்டி பஸ் பிடிக்கலாம். காடாம்புலியூரிலிருந்து திலகவதி நிஜமாகவே எங்கேயோ தேடி ஒரு பலாப்பழம் கொண்டுவந்திருந்தாள். கொளஞ்சிநாதன் மைக்கில் நாடகத்தின் பெயரை வாசித்தார். பிறகு வழக்கப்படி எல்லாக் கலைஞர்களிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"தனகோட்டி அவர்கள், எந்த பிளாக்?"

தனகோட்டி தோளில் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு மைக் பக்கம் குனிந்தார்.

"இப்போதைக்கு யாரையும் இல்லீங்க."

மூன்று ஷிப்டும் ஒன்றாகச் சிரித்து அடங்குவதற்குள், அவர் தொண்டையிலிருந்து கம்பெனி பஸ் இருமிக்கொண்டே கிளம்பியது.