ஈரக் களிமண்

மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. சுத்தக் களிமண். யுத்தகாலம், ரேஷன் அரிசியில் பாதி கல், காய்கறி வாங்கி மாளாது. அங்கே வெண்டையும் கொத்தவரையும் போடுவதென்று கோடையிலேயே அம்மா இறங்கிவிட்டாள். அப்போது அவள் பிள்ளையுண்டாகியிருந்தாள். யார் சொல்லியும் கேட்கவில்லை.

மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து வெயிலில் காயவிடுவாள். சாயங்காலம் தண்ணீர் தெளித்து மறுநாள் தட்டினால் பொலபொலவென்று உதிரும். அதில் மணலும் சருகும், எருமைகள் கட்டும் தபேலாவிலிருந்து கொண்டுவந்த மக்கிய சாணமும் கலந்தாள். ஈரமாக இருக்கும்போது மட்டும் களிமண்ணை வெட்டவோ மிதிக்கவோ கூடாது, செங்கல்லாகிவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு. அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையாட்டினார்.

மழைக்குச் சற்று முன்னால் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாப்பா பிறந்தது, அன்றைக்கே போய்விட்டது. "உம்மாச்சி அழைச்சுண்டுட்டார்" என்றாள் பக்கத்து வீட்டு மாமி. முகம் பார்க்காத பாப்பா. சரி என்று விளையாடப் போய்விட்டேன்.

மறுநாள் முதல் மழை கொட்டியது. அப்பா ஆபீஸ் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு பின்பக்கம் போனார். சொதசொதவென்று கிடந்த மண்ணை வெட்டினார், புரட்டினார், கணுக்கால் புதைய மிதித்தார்.

"அப்பா, அம்மா தொடப்படாதுன்னிருக்கா!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், உதறினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அம்மா வீடு திரும்புவதற்குள் வெயில் அடித்து நிலம் பாளம் பாளமாக இறுகிவிட்டது. வாசலிலேயே அவளிடம் சொல்லி, பின்பக்கம் இழுத்துப் போனேன்.

"யார் உங்களைத் தொடச் சொன்னா?" என்று அம்மா வீரிட்டதில் மாடி ஜன்னல்களெல்லாம் திறந்தன. "எத்தனை மாசம் பாடுபட்டேன்! எல்லாம் பாழாப் போச்சே!"

"நீ வரதுக்குள்ள முடிச்சு வெக்கலாம்னு..." என்றார் அப்பா.

ஒரு கட்டியை எடுத்து அவர்மேல் வீசினாள். பிறகு இன்னொன்று. சட்டையில் பட்டுத் தெறித்தது, அவர் நகரவில்லை. நன்றாக வேண்டும் என்று நானும் ஒன்றைத் தேடி எடுத்து எறிந்தேன்.

அடுத்த கணம் அம்மா என்னைப் பளாரென்று அறைந்தாள். அறைந்துவிட்டு அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார்.

அந்த மழைக்காலம் முழுக்க அங்கே யாரும் எதுவும் விதைக்கவில்லை. அம்மாவுக்காக நியாயம் கேட்ட எனக்கு அறை, மண்ணைக் கெடுத்தவரோடு சமாதானமா என்று வெகுநாள் இருவரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அந்தச் சண்டை களிமண்ணைப் பற்றியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.