கடைசிப் பக்கம் இல்லாத வீரன்

கொழும்பு பாமன்கடையில் ஒரு பழைய புத்தகக் கடை. அங்கே ஒரு சித்திரக்கதையைத் திறந்ததும் ஈரம் காய்ந்த தாளின் மணம் மூக்கில் ஏறியது. உள்ளட்டையில் வதனியின் பெயர். நான் மறுபடி பத்து வயதுக்காரியானேன்.

யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் வதனி வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். அவளிடம் முகமூடி வீரனின் கதைகள் அடுக்கடுக்காக இருந்தன. பகலில் அவன் கோடீஸ்வரன். முகமூடி போட்டால் வீரன். மொட்டைமாடி விளையாட்டில் முகமூடி எப்போதும் அவளுக்குத்தான். நான் கள்ளன்.

"இண்டைக்கு நான் வீரனா வரட்டே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கு ஏலாது. வீரன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. உங்கட பேரெல்லாம் அப்பா பொலிஸில குடுத்துப் பதிஞ்சிட்டார்," என்றாள்.

உண்மைதான். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பொலிஸில் பதியவேண்டிய காலம் அது. பொலிஸ் செக்கிங் வந்தால் காட்டவென்று அந்தப் பதிவுப் படிவத்தை அம்மா கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருந்தா. ஒளித்துவைக்க ஒரு பெயர்கூட எங்களிடம் இல்லை.

அந்தக் கிழமையே அவளுக்குப் புதுப் புத்தகம் வந்தது. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கடைசிப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைக்குள் ஒளித்தேன். வில்லன் வீரனைத் தூணில் கட்டிப்போட்ட இடத்தோடு கதை நின்றது. வதனி நாள் முழுக்க அழுதாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"அதில கடைசிப் பக்கம் இல்லை அக்கா, வேற எடுங்கோ," என்றார் கடைக்காரர்.

"ஓம், தெரியும்," என்றேன்.

அந்தப் பக்கம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன். கட்டோடு கிடக்கட்டும் கோடீஸ்வரன்.