கதீஜாவின் முயல் புத்தகம்

ஃபிஜித் தீவின் தலைநகர் சுவாவில் மழை விடாமல் பெய்யும் மாதங்களில் புத்தகங்களுக்கென்று ஒரு மணம் வந்துவிடும். பூஞ்சையும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் அது; நமத்துப்போன புத்தகங்களைச் சமபுலாப் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்துத்தான் காயவைப்பாள். அந்த மணம் எங்கே வந்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு முயலும் ஒரு முள்ளம்பன்றியும்தான். இரண்டையும் நான் நேரில் பார்த்ததில்லை. மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த ஒரு படப்புத்தகத்தில் அவை இருந்தன.

புத்தகம் என்னுடையது அல்ல, கதீஜாவுடையது. அவளுடைய வாப்பா கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார். பெருநாளுக்காகக் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லி வரவழைத்துக் கொடுத்திருந்தார். சனிக்கிழமைகளில் கோயிலை ஒட்டிய கூடத்தில் சங்கத்தார் நடத்திய தமிழ் வகுப்பில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. தெருவில் நாங்கள் பேசியதெல்லாம் இந்தி. புத்தகத்தைக்கூட "கித்தாப்" என்றுதான் சொல்வோம். வகுப்பில் திக்காமல் தமிழ் வாசித்தவள் கதீஜா ஒருத்திதான். ஒரு முஸ்லிம் பெண் கோயில் கூடத்துக்குப் போவதா என்று அவளுடைய சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். அவள் வாப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றாலும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்: "எழுத்து மட்டும் படிச்சுக்க. பூசை கீசைன்னா வூட்டுக்கு வந்துடணும். அதுல கலந்துக்கிட்டன்னு தெரிஞ்சா அன்னையோட வகுப்பு நின்னுடும்."

புத்தகத்தில் இருந்த கதை சின்னதுதான். முயலின் வளைக்குள் வர முள்ளம்பன்றிக்கு ஆசை. முட்கள் வாசலில் சிக்கிக்கொள்ளும். மற்ற பிராணிகள் எல்லாம் முட்களை உதிர்த்துவிட்டு வா என்கின்றன. முயல் ஒன்றும் சொல்லாமல் மண்ணைத் தோண்டி வாசலை அகலமாக்குகிறது. அவ்வளவுதான் கதை, ஆனால் அதை நான் எத்தனை தடவை இரவல் வாங்கினேன் என்பதற்குக் கணக்கில்லை.

அப்படி இரவல் வாங்கி வைத்திருந்த ஒரு வாரத்தில் சரஸ்வதி பூசை வந்தது. "வூட்ல இருக்கிற பொஸ்தகம் ஒண்ணு விடாம எடுத்தாம்மா. எத வுடுறியோ அந்தப் படிப்பு வராது" என்றாள் அம்மா. ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவின் டைப்ரைட்டிங் புத்தகம், அண்ணனின் இங்கிலீஷ் பாடம், ஒரு பாட்டுப் புத்தகம், இவ்வளவுதான் எங்கள் வீட்டில் தேறின. பக்கத்து வீட்டு அடுக்கு எங்களுடையதைவிட உயரம் என்கிற பொறாமையில், கதீஜாவின் புத்தகத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அம்மா வரிசையாகச் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டாள். அட்டைப்படத்து முயலின் நெற்றியில் சரியாக ஒரு பொட்டு விழுந்தது. அப்போது எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் புத்தகத்தைக் கையில் எடுத்தபோதுதான் கதீஜாவின் வாப்பா சொன்னது உறைத்தது. ஈரத்துணியால் துடைத்தேன், சந்தனம் போய்விட்டது, குங்குமம் மட்டும் காகிதத்தில் ஊறி நின்றுவிட்டது. வகுப்புக்கு முன்னாலேயே அவளைத் தேடிப் போய், அழுதுகொண்டே புத்தகத்தை நீட்டினேன். அவள் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வாப்பா பாத்தா நான் பூசைக்கு வந்தேன்னு நெனைப்பாரு" என்றாள். பிறகு பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, எல்லா முயலுக்கும் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். முள்ளம்பன்றிக்கும் வைத்தாள். "அதுக்கு மட்டும் இல்லன்னா பாவம்ல" என்றாள்.

அன்று சாயங்காலம் தையல்கடை வாசலில் நான் நின்றிருந்தேன். அவள் வாப்பா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மகள் கிறுக்கி வீணாக்கிவிட்டாள் என்று நினைத்தார். "கப்பல்ல வர வெச்சுக் குடுத்தா இப்படியா பண்ணுவ? இனிமே ஒனக்குப் பொஸ்தகம் கெடையாது" என்று சொல்லி, முதுகில் இரண்டு வைத்தார். கதீஜா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவள் திறக்காதது எனக்காக. நான் திறக்காதது பயத்தால். இந்த வித்தியாசம் அன்றே எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த பெருநாளுக்கு அவளுக்குத் துணி வந்தது, புத்தகம் வரவில்லை. ஆனால் வகுப்பு நிற்கவில்லை. அந்த அடி வாங்கிய அடுத்த சனிக்கிழமையே, தனக்கென்று இருந்த அந்த ஒரே புத்தகத்தை மறுபடியும் என்னிடம் நீட்டி, "எடுத்துட்டுப் போ" என்றாள். வாங்கிக்கொண்டேன். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் தமிழில் நன்றி என்ற சொல்லே புழங்கியதில்லை. யாராவது ஏதாவது கொடுத்தால் இந்த ஊர்க்காரர்களின் "வினாகா"தான் வாயில் வரும். அன்று அதுவும் வரவில்லை.

இப்போது அந்தக் கூடம் இருந்த இடத்தில் டயர் கடை இருக்கிறது. புத்தகம் பூஞ்சை பிடித்து எந்த மழையிலோ போய்விட்டது. என் பேத்திக்கு இங்கிலீஷில் நட்பைப் பற்றியும் அன்பைப் பற்றியும் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. நானும் எடுத்துப் படிக்கிறேன், நல்ல புத்தகங்கள்தான். தமிழில் ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. ஆக்லாந்தில் இருக்கும் கதீஜாவின் வீட்டிலும் அப்படித்தான். போதாக்குறைக்கு இரண்டு வருடமாக அவளுக்குக் கண் தெரியவில்லை. பிள்ளைகள் குறை வைக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் ஒரு வரி தமிழ் வாசித்துக் காட்ட அங்கே ஆள் இல்லை. அதனால் சனிக்கிழமைதோறும் போனில் நான் வாசிக்கிறேன், இன்னும் திக்கித் திக்கித்தான்.

போன வாரம் இந்தக் கட்டுரையை இதுவரைக்கும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இத்தனை வருடம் சொல்லாததை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். கதீஜா சொன்னாள்: "இன்னொரு தபா படி."